நொய்யல் அறையில் ஒரு கேள்வி

"நீங்க சொன்னீங்களா மேடம், நான் இன்னும் தயாராகலைன்னு?" என்று கேட்டுவிட்டுக் குழந்தைவேல் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை. கேள்வி கேட்டால் கேட்டதோடு நிறுத்த வேண்டும், பின்னாலேயே இன்னொரு கேள்வியைத் துரத்திவிடக் கூடாது, எதிரே இருப்பவர் பதில் தேடும்போது நாம் குறுக்கே போய் நிற்கக் கூடாது என்று ஆறு மாதமாக இதே அறையில் உட்கார்ந்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான். நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார். கை இரண்டும் மேஜைமேல் இருக்கிறது, முகத்தில் கோபம் தெரியவில்லை, கண் என்மேலேயே இருக்கிறது. முன்பெல்லாம் இந்த மனிதரால் மூச்சு விடும் நேரம்கூடச் சும்மா இருக்க முடியாது. "ஏன்யா லைன் நின்னுச்சு?" என்று சூப்பர்வைசரிடம் கேட்பார், அவன் வாயைத் திறப்பதற்குள் "எங்கய்யா போய்த் தொலைஞ்சே?" என்பார், அவன் அதற்குப் பதில் தேடுவதற்குள் "உனக்கெல்லாம் எவன் சம்பளம் குடுக்கிறான்?" என்று முடித்துவிடுவார். மூன்று கேள்விக்கும் பதில் வராது, லைன் ஏன் நின்றது என்பதும் கடைசிவரை தெரியாது. அந்த ஆளைத்தான் கேட்டுவிட்டுக் காத்திருக்கும்படி நான் மாற்றியிருக்கிறேன். இப்போது காத்திருக்கிறார். பதில் சொல்ல வேண்டியவள் நான்.

காலையில் நடந்ததை அவரே சொல்லிவிட்டார், அதுவும் சுருக்கமாக. ஷிஃப்ட் ஆரம்பித்ததும் ஹெச்.ஆர். தலைவர் ரகோத்தமன் கூப்பிட்டனுப்பியிருக்கிறார். டீ வரவழைத்து, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று விசாரித்து, அப்புறம்தான் விஷயத்துக்கு வந்திருக்கிறார். ஏப்ரலில் காலியாகிற பிளான்ட் ஹெட் பதவிக்குப் புனே தொழிற்சாலையிலிருந்து ஒருவர் வருகிறார், குழந்தைவேல் புரொடக்‌ஷன் மேனேஜராகவே தொடர்வார், அடுத்த முறை கட்டாயம் பார்க்கலாம். ஏன் சார் என்று இவர் கேட்டதற்கு, "நம்ம கோச் மேடத்துக்கும் அதே அபிப்பிராயம்தான்" என்றிருக்கிறார். டிப்ளமோ முடித்த கையோடு இந்த அரசூர் ஃபவுண்டரியில் டிரெய்னியாகச் சேர்ந்தவர் குழந்தைவேல். கம்ப்ரசர் பாகங்களை வார்ப்பதிலிருந்து கடைந்து அனுப்புவதுவரை இவர் கை படாத பிரிவு இல்லை. அடுத்த பிளான்ட் ஹெட் இவர்தான் என்று கேன்டீனில் தோசை சுடுகிறவர்கூடச் சொல்வார். அந்தப் பதவிக்கு இவரைத் தயார் செய்வதற்கென்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். தயார் செய்ய வந்தவளே தயாராகவில்லை என்று சொல்லிவிட்டாளாம். கேட்கிறவருக்கு எப்படி இருக்கும்?

சொன்னேனா? இல்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. "இல்லை" என்று இப்போதே சொல்லிவிட்டால் முடிந்தது. அது பொய்யும் இல்லை. ஆனால் வாய் வரவில்லை. இந்த அறைக்கு நொய்யல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், பக்கத்து அறைக்கு பவானி, அதற்கடுத்தது அமராவதி. மூன்று ஆற்றிலும் ஏ.சி. தண்ணீர்தான் சொட்டுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஷாப், தரை லேசாக அதிர்ந்துகொண்டே இருக்கும், பேப்பர் கப்பில் இருக்கும் டீயில் வட்டம் வட்டமாக அலை வரும். முதல்நாள் வந்தபோது வாசலில் செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் என் பெயருக்கு நேரே 'கோச்சிங் சென்டர்' என்று எழுதிவிட்டு, "நீட்டுக்குங்களா மேடம்? என் தங்கச்சி பொண்ணு பன்னண்டாவது" என்றார். எங்கள் அடுக்குமாடியில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய பெரிய ஆட்களை உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்பதற்கு ஒரு தொழிலா என்பது என் கணவரின் சந்தேகம். இன்ஷூரன்ஸில் இருந்து ரிடையர் ஆனவர், எதற்கும் பயன் என்ன என்று கேட்பார். ஒருநாள் அவர் முகம் வாடியிருந்தது, "உங்களுக்குள்ள இப்ப என்ன நடக்குதுன்னு கவனிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "பசிக்குது" என்றார். சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை. குழந்தைவேல் கண்ணை எடுக்கவில்லை. நல்ல மாணவர். நல்ல மாணவர் என்று நினைக்கக் கூடாது, அவர் மாணவர் இல்லை, நான் டீச்சர் இல்லை, இருவரும் சமம் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லித்தான் ஆரம்பிப்பேன். சமம் என்றால் இந்தக் கேள்விக்கு இந்நேரம் பதில் போயிருக்கும்.

பெங்களூரில் எனக்குப் பயிற்சி கொடுத்த மஸ்கரேன்ஹாஸ் அம்மாள் சொல்வார், கேட்டபிறகு உன் நாக்கின்மேல் நீயே ஏறி உட்கார்ந்துகொள் என்று. முதல் வாரம் முழுக்க அதுதான் பாடம். இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் பேசி முடித்தபிறகும் மற்றவர் பேசாமல் இருக்க வேண்டும். பாங்கில் பத்து வருஷம் மனிதவளத் துறையில் வேலை பார்த்து, வாயால் பிழைத்துக்கொண்டிருந்த எனக்கு அது நரக வேதனையாக இருந்தது. பழகியபிறகு அதுவே கைவந்துவிட்டது. இப்போது கடையில் பில் போடுகிற பெண் "கவர் வேணுமா மேடம்?" என்றால்கூட ஒரு நிமிஷம் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். யாராவது கேள்வி கேட்டால் எனக்குள் ஏதோ ஒன்று தானாக மூடிக்கொள்கிறது. அன்றைக்கும் அதுதான் நடந்தது. தானாக நடந்தது. தானாகவா? இங்கேதான் வந்து வந்து முட்டிக்கொண்டு நிற்கிறேன். தானாக நடந்தது என்று சொல்லிக்கொண்டால் நிம்மதியாக இருக்கிறது, நிம்மதியாக இருக்கிறது என்பதாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

போன வாரம். மாலை. கிரைண்டரில் அரிசி ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன். ரகோத்தமன் கெட்டவர் இல்லை. எப்போதும் மெதுவாகத்தான் பேசுவார். "மேடம், உங்க ரூல் எனக்குத் தெரியும். உள்ள பேசினது எதையும் நீங்க சொல்ல வேண்டாம். எனக்கு ஒரே ஒரு விஷயம். குழந்தைவேல் தனியா ஒரு பிளான்ட்டை நடத்திடுவாரா? நாளைக்கு நான் மேல போய்ப் பேசணும்." நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. வெளியே யாரோ ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள், அது பிடிக்கவே இல்லை. அப்புறம் அவர், "சரி மேடம், புரியுது. தேங்க்ஸ்" என்று வைத்துவிட்டார். அவருக்கு என்ன புரிந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. என் விதி புரிந்தது என்றுதான் எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. எவ்வளவு நைசாகக் கேட்டார், நான் மசியவில்லை பார் என்று. மறுபடி கிரைண்டரைப் போட்டேன். ஆனால் மற்ற கம்பெனிக்காரர்கள் இதே கேள்வியைக் கேட்டால் நான் சும்மா இருப்பதில்லையே? அதற்கென்று ஒரு வாக்கியம் வைத்திருக்கிறேன். "அதை நீங்க அவர்கிட்டயே கேளுங்க சார்" என்பேன், சிரித்துக்கொண்டே சொல்வேன், அவர்களும் சிரிப்பார்கள், விஷயம் அத்தோடு போகும். எத்தனையோ தடவை சொன்ன வாக்கியம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். குழந்தைவேலைப் பற்றிக் கேட்டபோது மட்டும் ஏன் அது வரவில்லை? கிரைண்டர் சத்தத்திலா? கிரைண்டரைத்தான் நிறுத்திவிட்டேனே.

ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். அவர் கேட்டவுடன் எனக்குக் கண்முன் வந்தது கார். கேன்டீனுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நிற்கிற சாம்பல் நிறக் கார், ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கிறது, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குழந்தைவேல் உட்கார்ந்திருக்கிறார். நான் அதை நேரில் பார்த்ததில்லை. நாலாவது சந்திப்பில் அவர் சொன்னது. மாதாமாதம் தலைமை அலுவலகத்தோடு ரிவ்யூ நடக்கிற நாளில், மும்பைக்காரர்கள் திரையில் வந்து உட்காருவதற்கு முன்னால், இவர் போய்க் காரில் உட்கார்ந்துகொள்வாராம். உள்ளங்கை வேர்த்து வேர்த்து ஊற்றுமாம். எல்லா விவரமும் தலைக்குள் இருக்கும், ஆனால் ஆங்கிலத்தில் எவராவது குறுக்கே ஒன்று கேட்டால் எல்லாம் கலைந்துவிடும். ஒரு தடவை காரைவிட்டு இறங்கவே முடியவில்லை, வழியில் வண்டி ரிப்பேர் என்று போன் செய்துவிட்டுத் தொழிற்சாலைக்குள்ளேயே அந்தக் காரில் ஒளிந்துகொண்டிருக்கிறார். "வீட்டுலகூடச் சொன்னதில்லீங்க மேடம். நானூறு பேர மேய்க்கிறேன், இந்த நாலு பேரப் பார்த்தா நடுங்குது" என்றார். சொல்லிவிட்டு டீயைக் குடிக்காமல் கப்பைத் திருப்பிக்கொண்டே இருந்தார். நான் என்ன செய்தேன்? "அப்ப உங்க உடம்புல எங்க அந்தப் பயத்தை உணர்றீங்க?" என்று கேட்டேன். பாவம், பொறுமையாக நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அப்புறம் மூச்சுப் பயிற்சி. அப்புறம், இந்தப் பயத்துக்கு ஒரு வாய் இருந்தால் அது உங்களிடம் என்ன சொல்லும் என்றெல்லாம் கேட்டேன். நல்ல கேள்விதான். ஆனால் எனக்குள் ஓடிய கேள்வி வேறு. இவர் பிளான்ட் ஹெட் ஆனால் மாதம் ஒரு ரிவ்யூ இல்லை, வாரம் ஒரு ரிவ்யூ, இவரால் எப்படி முடியும்? அதைக் கேட்கவில்லை. எங்கள் தொழிலில் எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது. அவரே கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

மரியாதைதானா? சொன்னால் முகம் வாடிவிடுமே என்ற பயம் இல்லையா? அடுத்த சந்திப்புக்கு வராமல் போய்விடுவாரோ என்பது? என்னைப் பிடிக்காமல் போய்விடுமோ என்பது? என் மகள் கல்லூரியில் இருக்கும்போதே சொன்னாள், "அம்மா, நீ எதையும் நேரா சொல்ல மாட்டே, நாங்களே கெஸ் பண்ணணும்" என்று. அவள் ஒரு பையனைப் பற்றிக் கேட்டபோதும் இப்படித்தான் சும்மா இருந்தேன். அது வேறு கதை, இப்போது அது வேண்டாம். இப்போது இவர். இவர் மாறியிருக்கிறார் என்பதும் உண்மை, அதையும் சேர்த்து நினைக்க வேண்டும். திட்டுவதை நிறுத்திக் கேள்வி கேட்க ஆரம்பித்தபோது மெஷின் ஷாப்பே அரண்டுவிட்டது. அண்ணனுக்கு உடம்புக்கு ஏதோ என்று ஒருவன், இல்லை, வேலையை விடப்போறார் என்று இன்னொருவன். ஒரு சூப்பர்வைசர் மருதமலை போய் இவர் பேருக்கு அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்து கொடுத்துவிட்டானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் குழந்தைவேல். அப்புறம் ஒருநாள் லைன் நின்றபோது, கேட்டுவிட்டுக் காத்திருந்தாராம், அந்தப் பையன் தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டு, "அண்ணா, டூலு தேஞ்சுபோச்சுன்னு ரெண்டு வாரமாத் தெரியும், சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லலை" என்றானாம். அன்றைக்கே இவர் என்னிடம் வந்து சொன்னார். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமலே எத்தனை விஷயம் போயிருக்கும் மேடம் என்றார். இவையெல்லாம் எனக்குத் தெரியும். போனில் கேட்டபோது இவை எதுவும் கண்முன் வரவில்லை. கார்தான் வந்தது.

ஆக, நான் சும்மா இருந்தது விதிக்காக இல்லை. நான் நினைத்ததைத்தான் ரகோத்தமன் கேட்டுக்கொண்டார். வாயால் சொல்லாமலே சொல்லியிருக்கிறேன். இதை இவரிடம் எப்படிச் சொல்வது? "இல்லை, சொல்லவில்லை" என்றால் ரகோத்தமன் பொய் சொன்னதாக ஆகும், இவர் நேரே அங்கே போய்ச் சண்டை போடுவார், அவர் என்னைக் கூப்பிடுவார். "ஆமாம்" என்றால் உள்ளே பேசியதை வெளியே விட்டவள் ஆவேன். அந்தப் பேர் வந்துவிட்டால் இந்த ஊரில் தொழில் செய்ய முடியாது. இங்கே எல்லாக் கம்பெனி முதலாளிகளும் ஒருவருக்கொருவர் சம்பந்தி, ஒரு கல்யாண ரிசப்ஷனில் சாப்பிட்டு முடிப்பதற்குள் விஷயம் அவிநாசிவரை போய்விடும். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்தப் பயத்தைவிட, எதிரே இந்த மனிதர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருப்பதுதான் தாங்க முடியவில்லை. எத்தனை பேரை இப்படி உட்காரவைத்திருக்கிறேன். கேள்வி கேட்கிறவர் நாற்காலியில் இருந்து பார்த்தால் இது இவ்வளவு கொடுமையாக இருக்கும் என்று தெரியாது.

"கேட்டார்" என்கிறேன். "போன் பண்ணி, உங்களால முடியுமான்னு கேட்டார். நான் பதில் சொல்லலை. ஒரு வார்த்தையும் சொல்லலை. ஆனா..." அவர் உதவிக்கு வரவில்லை. தலையைக்கூட ஆட்டவில்லை. "ஆனா எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. அதனாலதான் பதில் வரலை. அவர் அதைப் புரிஞ்சுக்கிட்டார்."

குழந்தைவேல் மூச்சை இழுத்து விடுகிறார். மூச்சுப் பயிற்சியா, நிஜமான பெருமூச்சா, தெரியவில்லை. "அந்தக் கார் விஷயத்தைச் சொல்லிப்போட்டீங்களோன்னு பயந்துட்டேனுங்க."

"ஐயோ, இல்லைங்க."

"செரி." டீ கப்பைத் தள்ளி வைக்கிறார். "சந்தேகம் இருந்தா என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க மேடம்? ஆறு மாசமா எதிரெதிர உக்காந்திருக்கோம். நீங்க கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொன்னேன். ஒருக்காகூட, குழந்தைவேலு, உங்களுக்கு இது பத்தாது, இதைச் சரி பண்ணுங்கன்னு நீங்க சொல்லலியே. சொல்லியிருந்தா நான் ஏதாச்சும் பண்ணியிருப்பேன். அவருக்குப் புரிஞ்சது எனக்குப் புரியலை பாருங்க."

அவர் திட்டியிருந்தால் தேவலை. எனக்குக் கண் கலங்குகிறது, ஒரு கோச் கண் கலங்கக் கூடாது, கலங்கினால் கலங்கட்டும். "தப்புதான்" என்கிறேன். "உங்ககிட்டதான் முதல்ல சொல்லியிருக்கணும்."

"இப்பவும் அந்தச் சந்தேகம் இருக்குதுங்களா?"

"பாதி இருக்கு. உள்ள ஆளுங்களை நடத்துறதுல துளிகூட இல்லை. மும்பைக்காரங்க விஷயத்துல இருக்கு."

"எனக்கும் அதேதானுங்க" என்று எழுந்துவிடுகிறார். நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளுகிறார். "வாங்க, ரகோத்தமன் சார் ரூம்லதான் இருக்காரு. என் முன்னாடி சொல்லுங்க. கார் விஷயத்தை நானே சொல்லிக்கிறேன்."

தாழ்வாரம் முழுக்கக் கூலன்ட் எண்ணெய் வாசனை. அவர் முன்னால் நடக்கிறார், நான் பின்னால் போகிறேன். எதிரே வந்த இரண்டு சூப்பர்வைசர்கள் வணக்கம் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். வேண்டாம், உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லாதீர்கள், யோசித்துச் செய்யலாம் என்று இவரைத் தடுக்க வேண்டுமா? தடுத்தால் அது யாருக்காக? ரகோத்தமன் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, "என்ன மேடம், ரெண்டு பேரும் சேர்ந்து?" என்று நாற்காலியைக் காட்டுகிறார். உட்காரவில்லை, உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். அன்றைக்குப் போனில் நான் எதுவும் சொல்லவில்லை, எனக்குச் சந்தேகம் இருந்தது நிஜம், ஆனால் அதை என் அபிப்பிராயம் என்று நீங்கள் இவரிடம் சொல்வதற்கு நான் அனுமதி கொடுக்கவில்லை, அதைவிட இவரிடம் முதலில் சொல்லாதது என் தவறு என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கிறேன். ரகோத்தமன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறார். குழந்தைவேல் ரிவ்யூ நாளில் காரில் உட்கார்ந்திருப்பதைச் சொல்கிறார். வண்டி ரிப்பேர் என்று பொய் சொன்னதையும் சொல்கிறார். குனியவில்லை, குரலும் உயரவில்லை. சத்தம் போடாமல் இவர் இவ்வளவு நீளமாகப் பேசி ரகோத்தமன் கேட்டிருக்கவே மாட்டார். "குழந்தைவேல், இதெல்லாம் எனக்குத் தெரியவே தெரியாது" என்கிறார்.

"இப்பத் தெரிஞ்சுபோச்சுங்க. என் பயம் என்னன்னு உங்களுக்கும் தெரியும், மேடத்துக்கும் தெரியும். நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன் சார். புனேல இருந்து வர்றாரில்லீங்க, அவருக்கு என்ன பயம்?"

கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார். ரகோத்தமன் என்னைப் பார்க்கிறார். நான் உதவிக்குப் போகவில்லை. அவர் பேனாவைக் கீழே வைக்கிறார். அவர் குரலில் கள்ளம் எதுவும் இல்லை, உள்ளதைத்தான் சொல்கிறார்.

"அவருக்கு நாம கோச் யாரையும் போடலையே குழந்தைவேல். எப்படித் தெரியும்?"